ரெண்டு பிளான், ஒரே மனை: எந்த வீட்டைக் கட்டுறதுன்னு கணக்குப் போட்டு முடிவு பண்ணுவது எப்படி?

வீட்டுக் கடன் பத்தி நம்ம சேனல்ல பேசும்போதெல்லாம் வட்டி, தவணை, எந்த பேங்க் என்பதிலேயே பேச்சு நின்னுடுது. ஆனா நீங்க எவ்வளவு கடன் வாங்கப் போறீங்க என்பதை பேங்க் முடிவு பண்றதுக்கு முன்னாடியே ஒரு காகிதம் முடிவு பண்ணிடுது. அதுதான் எஞ்சினியர் போட்டுக் கொடுக்கிற பிளான். அதில் கூடுதலா இழுக்கிற ஒவ்வொரு கோடும் 20 வருஷத் தவணையா உங்க சம்பளத்திலிருந்து போகும்.

அதனால இந்தக் கட்டுரையில் பிளானை ஒரு ஆடிட்டர் கண்ணோட பார்க்கலாம். வாஸ்து, எலிவேஷன் எல்லாம் இதில் வராது. அதைச் சொல்ல வேற ஆட்கள் இருக்காங்க.

எந்த ஊர், யாருக்கான கணக்கு?

சென்னையிலிருந்து கும்பகோணம் போற பஸ்ஸில் சேத்தியாத்தோப்பு தாண்டி, அணைக்கரை வர்றதுக்கு முன்னாடி மீன்சுருட்டி வரும். அரியலூர் மாவட்டம், ஜெயங்கொண்டம் பக்கம். இந்த மாதிரி ஊர்களில் வீடுன்னா ஃபிளாட் இல்லை. அப்பா வாங்கிப் போட்ட மனை இருக்கும், பையனோ பொண்ணோ சென்னையிலோ பெங்களூரிலோ சம்பளத்துக்கு இருப்பாங்க. "வீட்டைக் கட்டிட்டா கல்யாணப் பேச்சை எடுக்கலாம்"னு அம்மா சொல்லிட்டே இருப்பாங்க.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். இது கணக்குக்காக நான் வச்ச உதாரணம்தான். உங்க எண்களைப் போட்டு மாத்திக்குங்க.

- வயசு 29, சென்னையில் வேலை, கைக்கு வர்ற சம்பளம் மாசம் 65,000 ரூபாய்
- சென்னையில் வீட்டு வாடகை 14,000
- மீன்சுருட்டியில் 30க்கு 60 அடி மனை, அதாவது 1,800 சதுர அடி
- கையில் சேமிப்பு 8 லட்சம்
- கட்டுமான ரேட் மெட்டீரியலோட சதுர அடி 2,300 ரூபாய்
- ரெண்டு பிளானுக்கும் பொதுவான வெளிச்செலவு 4 லட்சம் (காம்பவுண்ட், போர்வெல், செப்டிக் டேங்க், ஈபி கனெக்‌ஷன், கேட்)

எஞ்சினியர் ரெண்டு பிளான் கொடுக்கிறார்.

முதல் பிளான்: 1,450 சதுர அடி, மாடி வீடு. கீழே 800, மேலே 650. மூணு பெட்ரூம்: கீழே ஒண்ணு, மேலே ரெண்டு. படிக்கட்டு ஹாலுக்குள்ளேயே.

ரெண்டாவது பிளான்: 1,000 சதுர அடி, தரைத்தளம் மட்டும். ரெண்டு பெட்ரூம். படிக்கட்டு முன்பக்கம் வெளியே. பின்னாடி மாடி கட்ட வசதியா அஸ்திவாரமும் காலமும் இப்பவே பலமா போட்டுடுவாங்க. இதுக்கும் வெளிப் படிக்கட்டுக்கும் சேர்த்து கூடுதலா 1.5 லட்சம்னு வச்சுக்குவோம்.

முதல் பிளானைப் பார்த்ததும் எல்லாருக்கும் பிடிக்கும். "450 சதுர அடி கூட, ஒரு ரூம் கூட. எப்படியும் கட்டத்தானே போறோம்?" சரி, இப்ப பென்சிலை எடுப்போம்.

கணக்கு 1: நீங்க நடக்கிற இடம் எவ்வளவு?

சதுர அடி ரேட் பேசும்போது சுவரும் அதில் சேர்ந்துதான் வரும். வெளிச்சுவர் 9 அங்குலம். ரெண்டாவது பிளான் 25க்கு 40 அடி. ரெண்டு பக்கமும் முக்கால் அடி சுவர் போனால் உள்ளே 23.5க்கு 38.5, அதாவது சுமார் 905 சதுர அடி. 95 சதுர அடி வெளிச்சுவருக்கு மட்டுமே போயிடுது.

முதல் பிளானில் இது ரெண்டு தளத்துக்கும் நடக்கும். கீழே 25க்கு 32, மேலே 25க்கு 26 என்றால் வெளிச்சுவர் மட்டும் சுமார் 157 சதுர அடி. அடுத்தது உள் படிக்கட்டு. 6.5க்கு 12 அடின்னு வச்சா 78 சதுர அடி. கீழே அடைக்கிற அதே இடத்தை மேலேயும் அடைக்கும், ஆக 156.

1,450லிருந்து 157, 156 ரெண்டையும் கழிச்சால் மிஞ்சுறது 1,137. ரெண்டாவது பிளானில் 905. காகிதத்தில் 450 சதுர அடி வித்தியாசம், கால் வைக்கிற இடத்தில் 232 தான்! மேலே ரூமுக்கு ரூம் போக விடுற பாதையை நான் இன்னும் கழிக்கவே இல்லை. படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்டோரோ பாத்ரூமோ வரும், அது முதல் பிளானுக்கு லாபம். அதைச் சேர்த்தாலும் பெருசா மாறாது.

இப்ப செலவு:

- முதல் பிளான்: 1,450 × 2,300 = 33.35 லட்சம்
- ரெண்டாவது பிளான்: 1,000 × 2,300 = 23 லட்சம், கூட 1.5 லட்சம் = 24.5 லட்சம்
- வித்தியாசம்: 8.85 லட்சம்

8.85 லட்சத்தை 232ஆல் வகுத்துப் பாருங்க. அந்தக் கூடுதல் இடம் சதுர அடி சுமார் 3,800 ரூபாய்க்கு வருது. கான்ட்ராக்டர் உங்ககிட்ட சொன்னது 2,300.

எந்த ரெண்டு பிளானை ஒப்பிட்டாலும் இதையே செய்யுங்க: மொத்தச் செலவை, சுவரும் படிக்கட்டும் போக மிஞ்சுற இடத்தால் வகுங்க. ரூம் எண்ணிக்கையை வச்சு ஒப்பிடாதீங்க.

இன்னொரு சின்ன விஷயம், வீட்டோட வடிவம். 25க்கு 40 வீட்டைச் சுத்தி 130 அடி சுவர். அதே 1,000 சதுர அடியை 20க்கு 50ஆ நீளமா போட்டால் 140 அடி சுவர். 10 அடி நீளம், 10 அடி உயரம்னா 100 சதுர அடி சுவர் கூடுது. அதுக்குச் செங்கல், ரெண்டு பக்கப் பூச்சு, பெயின்ட். அழகுக்காக அங்கங்கே மூலை வெட்டி உள்ளே வெளியே இழுத்த பிளானும் இதே மாதிரி சத்தமில்லாம செலவை ஏத்தும்.

கணக்கு 2: மாசத் தவணை

8.5% வட்டி, 20 வருஷம் என்றால் ஒவ்வொரு லட்சத்துக்கும் மாசம் சுமார் 868 ரூபாய் தவணை. 20 வருஷத்தில் அந்த ஒரு லட்சத்துக்கு மொத்தமா கட்டுறது சுமார் 2.08 லட்சம்.

- முதல் பிளான்: 33.35 + 4 – 8 = 29.35 லட்சம் கடன், தவணை சுமார் 25,470
- ரெண்டாவது பிளான்: 24.5 + 4 – 8 = 20.5 லட்சம் கடன், தவணை சுமார் 17,790

மாசம் 7,680 வித்தியாசம். 20 வருஷத்துக்கு 18.4 லட்சம்.

இங்கே ஊரில் வீடு கட்டுற சம்பளக்காரங்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் இருக்கு. சென்னையிலேயே வீடு வாங்கினவருக்கு வாடகை நின்னுடும். நீங்க மீன்சுருட்டியில் கட்டினா சென்னை வாடகை அப்படியே இருக்கும். ஆக முதல் பிளானில் தவணையும் வாடகையும் சேர்த்து 39,470, சம்பளத்தில் 61%. ரெண்டாவதில் 31,790, அதாவது 49%. அந்த 49%கூட எனக்கு அதிகம்தான். ஆனா 61% என்றால் கல்யாணம், குழந்தை, ஆறு மாசம் வேலை இல்லாமல் போறது, இதில் எது வந்தாலும் கிரெடிட் கார்டுதான் கைகொடுக்கும். அதோட விலை உங்களுக்குத் தெரியும்.

பேங்க் பணத்தை ஒரே தடவையில் தராது. பேஸ்மென்ட், லிண்டல், கான்கிரீட், பூச்சுன்னு வேலை முடிய முடியத்தான் விடும், அதுவும் உங்க பங்கை முதலில் போட்ட பிறகு. பட்ஜெட் இழுத்துக்கிட்டால் கடைசி ரெண்டு லட்சம் அம்மா நகையை அடகு வச்சு வரும். மாடி பூச்சு இல்லாமல் செங்கல் தெரிய நிக்கிற வீடுகளை ரோட்டோரம் பார்த்திருப்பீங்க. அங்கே பெரும்பாலும் கட்டினவங்க தப்பில்லை, பிளான் பர்ஸை விடப் பெருசு.

"வருமான வரியில் மிச்சமாகுமே சார்?"

அனேகமா ஆகாது. புதிய வரி முறையில், நாமே குடியிருக்கிற வீட்டுக்கான கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. மேலும் 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் நிலையான கழிவோட சேர்த்து 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரியே வராது. நம்ம உதாரணத்தில் இருக்கிறவர் கட்ட வேண்டிய வரியே பூஜ்யம். இல்லாத வரியில் என்ன மிச்சம்?

பழைய முறையில் இருக்கிறவங்களுக்கு வட்டிக் கழிவின் உச்சவரம்பு வருஷத்துக்கு 2 லட்சம். முதல் பிளானுக்கு முதல் வருஷ வட்டியே சுமார் 2.47 லட்சம், அதில் 47,000க்கு கழிவு கிடைக்காது. ரெண்டாவதுக்கு வட்டி 1.73 லட்சம், முழுசும் கிடைக்கும். கடன் வாங்கின நிதியாண்டு முடிஞ்சு 5 வருஷத்துக்குள் கட்டி முடிக்கணும். இல்லைன்னா 2 லட்சம் என்பது 30,000 ஆயிடும். பெரிய பிளானை இழுத்து இழுத்துக் கட்டுறவங்களுக்கு இது ஞாபகம் இருக்கட்டும்.

கணக்கு 3: "பின்னாடி கட்டினா விலை ஏறிடுமே?"

இது நியாயமான கேள்வி. மழுப்பாமல் கணக்கு போடலாம்.

ரெண்டாவது பிளானை எடுத்து, மிச்சமாகிற 7,680ஐ மாசாமாசம் சேமிக்கிறீங்க. 7% வருமானம் என்றால் 8 வருஷத்தில் வரிக்கு முன்னாடி சுமார் 9.85 லட்சம். கட்டுமான ரேட் வருஷம் 5% ஏறினால் 2,300 என்பது 8 வருஷத்தில் சுமார் 3,400 ஆகும். மாடியில் 450 சதுர அடி கட்ட சுமார் 15.3 லட்சம். சேமிப்பு போக ஒரு 5.4 லட்சம் குறையும். அதை 12 வருஷக் கடனா வாங்கினால் தவணை சுமார் 6,000. முதல் பிளானில் அந்த 12 வருஷமும் நீங்க கூடுதலா கட்டியிருக்க வேண்டியது 7,680. ஆக, தள்ளிப் போட்டதில் நஷ்டம் இல்லை, கொஞ்சம் லாபம்தான்.

ஆனா ரேட் வருஷம் 8% ஏறினால்? அதே 450 சதுர அடிக்கு 19 லட்சத்துக்கு மேல. குறையுறது சுமார் 9.3 லட்சம், தவணை 10,000 தாண்டும். அப்போ முதல் பிளான்தான் ஜெயிக்கும். 7,680ஐ சேமிக்காமல் செலவு பண்ணிட்டாலும் முதல் பிளானே ஜெயிக்கும்.

அதனால "சின்னதா கட்டினா எப்பவும் லாபம்"னு நான் சொல்ல மாட்டேன். தள்ளிப்போடும்போது உங்களுக்குக் கிடைக்கிறது வேற: முடிவை மாத்திக்கிற உரிமை. 8 வருஷத்தில் நீங்க ஊருக்கே திரும்பலாம். கனடா போயிருக்கலாம். தம்பிக்கு மாடி தேவைப்படலாம். அந்த மாடி தேவையே இல்லாமலும் போகலாம்.

என்னோட விதி இதுதான்: அந்தக் கூடுதல் ரூமில் படுக்கப் போற ஆள் யார்னு பேர் சொல்ல முடியுதா? இன்னும் மூணு நாலு வருஷத்துக்குள் அவர் அங்கே இருப்பாரா? ரெண்டுக்கும் ஆமாம்னா இப்பவே கட்டுங்க. "பொங்கலுக்கு வரும்போது", "யாராவது வந்தா" என்பது பதிலா வந்தால் தள்ளிப் போடுங்க. வருஷத்துக்கு 15 நாள் படுக்கிற ரூமுக்கு மாசம் 7,680 கொடுக்கிறதை விட, அந்த 15 நாள் ஹாலில் பாய் போட்டுக்கலாம். நம்ம ஊர் வீடுகளில் கூடம்னு ஒண்ணு இருந்ததே இதுக்குத்தானே?

பெத்தவங்களுக்கு எது முக்கியம்?

இந்த வீட்டில் 365 நாளும் இருக்கப் போறது அப்பா அம்மா. அவங்களுக்கு 70 வயசு ஆகும்போது எது வேணுமோ அதை பிளானில் முதல்லயே வச்சிடுங்க:

- தரைத்தளத்தில் பாத்ரூம் ஒட்டின ஒரு பெட்ரூம்
- பாத்ரூம் கதவு 2.5 அடி போதும்பாங்க, 3 அடி கேளுங்க. வீல்சேர் நுழையணும்
- வழுக்காத டைல்ஸ், உட்கார்ற கிளாசெட், கைப்பிடி மாட்ட பலமான சுவர்
- வாசல் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வுப் பாதைக்கு இடம்

கட்டும்போது இதுக்கெல்லாம் கூடுற செலவு கொஞ்சம்தான். பின்னாடி சுவரை உடைச்சு, பைப்பை மாத்தி, டைல்ஸ் ஒட்டினா பல மடங்கு. எந்த பிளானை எடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீங்க.

ரூம் அளவையும் பாருங்க. தேசியக் கட்டிட விதித் தொகுப்பு, குடியிருக்கிற அறைகளில் ஒண்ணாவது குறைந்தபட்சம் 9.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 102 சதுர அடி இருக்கணும்னு சொல்லுது. சமையலறைக்கு 5 சதுர மீட்டர், சுமார் 54 சதுர அடி. 10க்கு 10 ரூம் அந்த அளவைக்கூட தொடலை. ஆறடி கட்டில் போட்டால் மிச்சம் நாலடி, அதில் பீரோ கதவைத் திறந்துட்டு நிக்கப் பாருங்க! 9க்கு 10ஆ மூணு ரூம் போடுறதுக்கு 11க்கு 12ஆ ரெண்டு ரூம் எவ்வளவோ மேல்.

படிக்கட்டு உள்ளேயா, வெளியேயா?

இது எலிவேஷன் கேள்வி மாதிரி தெரியும். உண்மையில் பணக் கேள்வி. உள் படிக்கட்டு இருந்தால் மாடியைத் தனியா வாடகைக்கு விட முடியாது, அண்ணன் தம்பி தனித்தனியா புழங்குறதும் கஷ்டம். வெளிப் படிக்கட்டு இருந்தால் ரெண்டும் முடியும். ஆனா வாடகையை நம்பி கடன் வாங்காதீங்க. உங்க தெருவில் மாடி வாடகை எவ்வளவு, எத்தனை வீடு காலியா கிடக்குதுன்னு நாலு பேரைக் கேட்டுட்டு, வந்தால் லாபம்னு வச்சுக்குங்க.

மாடி பின்னாடி வரும் என்றால் கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலேயே மேல் பாத்ரூம் வர்ற மாதிரி பிளான் இருக்கணும். மாடி பிளானையும் இப்பவே போட்டு வாங்கிடுங்க. காலம் எங்கே நிக்கணும் என்பது அதை வச்சுத்தான்.

பிளானுக்கு முன்னாடி காகிதம்

மனை அப்பா பேரில், கடன் உங்க பேரில் என்றால் ரெண்டு விஷயம். பேங்க் அப்பாவையும் கடனில் சேர்க்கும். பிற்காலத்தில், உயில் இல்லாத பட்சத்தில், அந்த இடத்தில் அக்கா தங்கச்சிக்கும் சம உரிமை உண்டு. 30 லட்சம் போடுறது நீங்க என்றால், முதல்லயே எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்றது நல்லது. அப்பா உங்க பேருக்கு எழுதி வைக்கிறதா முடிவானா, குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. பிற்காலத்து மனஸ்தாபத்துக்கு முன்னாடி இது சின்னத் தொகை.

அனுமதிக்கு: 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சுய சான்று முறை வந்திருக்கு. 2,500 சதுர அடி வரை மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதோட ஒரு மாடியோ கட்டுற குடியிருப்புக்கு ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. நம்ம உதாரணத்தில் ரெண்டு பிளானுமே இந்த அளவுக்குள் வருது.

கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் மனை இருக்கிறவங்க மட்டும் இன்னொண்ணு பாருங்க. பெரிய கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கு. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்குத் தனி அனுமதி வாங்கணும். பிளானுக்குக் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி தூரத்தை அளந்துடுங்க.

ஃபிளாட் வாங்குறவங்களுக்கு

சென்னையிலோ திருச்சியிலோ ஃபிளாட் பார்க்கிறீங்கன்னாலும் இதே கணக்குதான். 2016 ரெரா சட்டத்தில் கார்ப்பெட் ஏரியாவுக்குத் தெளிவான விளக்கம் இருக்கு: உள் தடுப்புச் சுவர்கள் சேரும், வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி சேராது. விளம்பரத்தில் போடுற சூப்பர் பில்ட்-அப் அளவை விட்டுட்டு, விலையை கார்ப்பெட் ஏரியாவால் வகுத்து ரெண்டு ஃபிளாட்டை ஒப்பிடுங்க. கட்டுமானத்தில் இருக்கிற ஃபிளாட்டுக்கு பொதுவா 5% ஜிஎஸ்டி, நிறைவுச் சான்று வாங்கின பிறகு விக்கிற ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதையும் விலையில் சேர்த்துட்டு வகுக்கணும்.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கான்ட்ராக்டர்கிட்ட கேட்க வேண்டியவை

1. போர்டிகோ, மொட்டைமாடி ஹெட்ரூம், வெளிப் படிக்கட்டு இதெல்லாம் முழு ரேட்டா, பாதி ரேட்டா?
2. ரேட்டில் லாஃப்ட், கப்போர்டு, கிரில், தண்ணித் தொட்டி சேருமா?
3. பேஸ்மென்ட் உயரம் எவ்வளவு? ரோட்டை விட எவ்வளவு மேலே?
4. டைல்ஸ், கதவு, வயர், பைப் எந்த கம்பெனி, என்ன விலைக்குள்?
5. எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம்? பேங்க் பணம் விடுற கட்டத்தோட அது ஒத்து வருதா?

அஞ்சுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்க. அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு மனைக்குப் போங்க. பிளானில் இருக்கிற அளவுக்கு சுண்ணாம்பில் கோடு போட்டு, எது ஹால், எது சமையல்கட்டுன்னு காட்டி, உள்ளே நடக்கச் சொல்லுங்க. கட்டில் எங்கே, பீரோ எங்கே, துணி எங்கே காயப்போடுறதுன்னு அம்மாவே சொல்லுவாங்க. கோட்டை அழிச்சுப் போட அஞ்சு ரூபாய் சுண்ணாம்பு போதும், அதனால எத்தனை தடவை வேணும்னாலும் மாத்திப் பாருங்க.

உங்க சம்பளம், வாடகை, சேமிப்பு, ரெண்டு பிளானோட சதுர அடி, இந்த நாலையும் ஒரு பேப்பரில் எழுதி மேலே சொன்ன மூணு கணக்கையும் போட்டுடுங்க. அரை மணி நேர வேலைதான். எங்கேயாவது சிக்கினா எழுதிக் கேளுங்க, அடுத்த வீடியோவில் எடுத்துப் பேசலாம்.